விட்ட பிறகும் விடாத பொத்தான்

என் அண்ணனின் ஜக்கெட் புகையத் தொடங்கியபோது நாங்கள் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு பூசை முடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஜக்கெட் ஒரு கதிரையின் முதுகில் தொங்கியது. அண்ணன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடோ ஹொக்கிப் போட்டியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். முதலில் வந்தது மணம்தான். ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணத்துக்கு நடுவே கருகிய பஞ்சும் உருகிய பிளாஸ்டிக்கும் கலந்த மணம். என் வேலை அப்படி, அந்த மணம் எங்கே கிளம்பினாலும் என் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணை, உங்கட ஜக்கெட்!"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜக்கெட்டை உருவி எடுத்துக்கொண்டு, பக்கக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து வெளியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அவர் பைக்குள் கையை விட்டு, தான் புகை இழுக்கிற அந்த மரப்பெட்டியை எடுத்து எறிந்தார். அது சுவரில் மோதி, மூடி திறந்து, உள்ளே இருந்த இரண்டு பற்றரிகளும் தனித்தனியே பனிக்குள் உருண்டன. விழுந்த இடத்தில் சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. வெடிக்கவில்லை. மூடி தானாகத் திறந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

அண்ணன் வலது கையைப் பனிக்குள் புதைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"நான் பொத்தானை அமத்தேல்லை," என்றார். "இப்பதான் வெளியில வந்து ஒருக்கா இழுத்திட்டு உள்ள போனனான். கையை எடுத்திட்டன். கடவுளாணைக் கையை எடுத்திட்டன்."

"நீங்கள் எடுத்திருப்பியள். பொத்தான் விட்டிருக்காது," என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு விளங்க வேண்டியதும் இல்லை. உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள் எழும்பியிருந்தன.

இந்த இடத்தில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் மொன்ட்ரியாலின் டோர்வலில், விமான நிலையத்தின் பின்பக்கம் இருக்கிற ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். பெட்டிகளை இழுத்துச் செல்லும் மின்சார வண்டிகள் எல்லாம் எங்களிடம்தான் பழுதுபார்க்க வரும். அவற்றின் பற்றரி, சார்ஜர், சுவிட்ச், வயர் எல்லாம் என் கை. பத்தொன்பது வருடமாகிறது. ஆரம்பத்தில் "மடாம், உங்களுக்கு இது பாரமாக இருக்கும்" என்று சொன்னவர்கள், இப்போது தங்களுக்குப் பிடிபடாததை என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

அண்ணன் கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிறவர். நாங்கள் இருக்கும் அதே கட்டடத்தில், எங்களுக்கு மேல் மாடியில் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாகச் சிகரெட் பிடித்தவர். கட்டில் தள்ளும்போதே மூச்சு வாங்கத் தொடங்கியது. வைத்தியர் கடுமையாகச் சொன்னார். தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் பட்டியும் மெல்லுகிற சூயிங்கமும் தோற்ற பிறகு, வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறித்தான் சிகரெட்டை விட்டார். கடையில் வாங்கியவை மாதத்துக்கு ஒன்று செத்துப்போயின. அப்போதுதான் கீழ் மாடியில் இருந்த சென்னைக்காரர் அவருக்கு அந்த மரப்பெட்டியைச் செய்துகொடுத்தார். மென்பொருள் சோதிக்கிற வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். வால்நட் மரத்தில் பெட்டி, பளபளக்கும் செம்புப் பொத்தான், உள்ளே இரண்டு பற்றரி. அழகான கைவேலை. அண்ணன் சிகரெட்டைத் தொடாமல் பதினோரு மாதம் ஓடியிருந்தது அந்தப் பெட்டியால்தான்.

அன்று பிற்பகல் பெட்டியைச் சமையலறை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தேன். பார்க்க அதிகம் இருக்கவில்லை. பற்றரியிலிருந்து ஒரு வயர் பொத்தானுக்கு, பொத்தானிலிருந்து மேலே கொயில் என்ற கம்பிச்சுருளுக்கு, கொயிலிலிருந்து திரும்பப் பற்றரிக்கு. கொயில் சூடாகி அதைச் சுற்றியிருக்கும் பஞ்சிலுள்ள திரவம் ஆவியாகும். அதைத்தான் இழுப்பது. ஆக, கொயிலைச் சூடாக்கும் மின்சாரம் முழுவதும் அந்தச் சின்னப் பொத்தானுக்குள்ளால்தான் போய்வந்திருக்கிறது. பொத்தானைக் கழற்றி இரும்பு அறுக்கும் வாளால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே ஒன்றை ஒன்று தொட்டு விலகவேண்டிய இரண்டு தகடுகளும் உருகி ஒட்டிப்போய்க் கிடந்தன. வெளியில் பொத்தான் ஸ்பிரிங்கில் ஒழுங்காக எழும்பிவந்திருக்கிறது. உள்ளே விடவில்லை.

இரண்டாம் நாள் மாடிப்படியில் சிகரெட் மணம் வந்தது. நான் மேலே போய்க் கதவைத் தட்டினேன். அண்ணன் கையில் கட்டோடு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்டுதான்," என்றார்.

"ஒண்டோ?"

"நேற்று ரெண்டு. இண்டைக்கு ஒண்டு." பிறகு சொன்னார்: "நான் என்ன செய்ய? அந்தப் பெட்டியை நினைச்சாலே கை எரியுது. அது இல்லாட்டி இதுதான் எனக்குத் தெரியும்."

"ஒரு கிழமை தாங்கோ," என்றேன். "நான் செய்து தாறன்."

"நீயோ? உனக்கு இந்தப் புகையே பிடிக்காதே."

"புகை பிடிக்காது. பிழையான வயர் அதைவிடப் பிடிக்காது."

அவர் சிரித்தார். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

அன்று பின்னேரமே பிளந்த பொத்தானை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கீழ் மாடிக்குப் போனேன். சென்னைக்காரர் கதவைத் திறந்ததும் பதறினார்.

"வாங்கக்கா. அண்ணன் கை எப்படி இருக்கு? கேள்விப்பட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"கை மாறும். நான் உங்கட பெட்டியைப் பற்றிக் கதைக்க வந்தனான்."

"பட்டன்தான் பிரச்சினைக்கா. வேற நல்ல பட்டனா போட்டுத் தந்துடறேன். மூணு வருஷமா செய்றேன், இதுதான் ஃபர்ஸ்ட் டைம் இப்படி ஆச்சு."

நான் தீப்பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "இதின்ரை பக்கத்தில என்ன எழுதியிருக்கு? வாசியுங்கோ."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "த்ரீ ஆம்ப்ஸ்."

"உங்கட கொயில் எத்தினை ஓம்?"

"பாயிண்ட் டூ ஃபைவ். கால் ஓம்."

"ரெண்டு பற்றரியும் சமாந்தரமாத்தானே கிடக்கு, நாலு வோல்ட் எண்டு வையுங்கோ. நாலைக் காலால பிரியுங்கோ."

அவர் பிரித்தார். கணக்கு அவருக்கு வராதது அல்ல. அந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். "பதினாறு," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பதினாறு ஆம்ப்ஸை மூணு ஆம்ப் பட்டன்ல விட்டிருக்கேன்."

"ஓம், அதுதான் பிழை."

"இதே மாதிரி இன்னும் அஞ்சு பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கேன்க்கா."

அவர் அவற்றை விற்கவில்லை. சிகரெட்டை விடப் பாடுபடுகிறவர்களுக்குச் சும்மாதான் கொடுத்திருக்கிறார். அவருடைய தகப்பன் சுவாசப்பையில் புற்றுநோய் வந்து இறந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிடத்தில் அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு இருந்த கோபம் வடிந்துவிட்டது. ஒரு பேப்பரை இழுத்து வைத்துக் கீறத் தொடங்கினேன்.

எனக்குத் தெரிந்த வழி மொஸ்பெட். எங்கள் பட்டறை வண்டிகளில் சில இடங்களில் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுவது அதுதான். சின்னக் கறுப்புத் துண்டு, மூன்று கால். நடுக்காலாலும் ஓரக்காலாலும் முழு மின்சாரமும் போகும். மற்றக் கால் கட்டளைக்கு மட்டும். அதற்கு வோல்ட் காட்டினால் வாசல் திறக்கும், காட்டாவிட்டால் மூடும். பொத்தானுக்கு அந்தக் கட்டளையைக் கொடுக்கிற வேலை மட்டுமே மிஞ்சும். கதவைத் திறக்கச் சொல்லி மணியடிக்கிறவர் மாதிரி, கதவைத் தான் தள்ளவேண்டியதில்லை. மூன்று அம்பியர் பொத்தான் அதற்குத் தாராளம்.

"நானும் மாஸ்ஃபெட் வாங்கி வச்சிருக்கேன்க்கா," என்றார் அவர். "மூணு காலைப் பார்த்ததும் பயந்து டிராயர்ல போட்டுட்டேன்."

"பயப்பிட ஒண்டுமில்லை. ஒரு விசயம் மறக்கக்கூடாது. கட்டளைக் கால் வோல்ட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். பொத்தானை விட்டாப் பிறகும் அது வடியாட்டி வாசல் திறந்தபடிதான் கிடக்கும். அதாலதான் அந்தக் காலில இருந்து மைனஸுக்கு ஒரு ரெசிஸ்டர் போடவேணும். பதினைஞ்சாயிரம் ஓம் போதும். விட்ட உடனை வடிஞ்சிடும்."

சனிக்கிழமை பிற்பகல் எங்கள் பால்கனியில் முதல் சோதனை. மாசி மாதம், வெயில் இருந்தும் மூக்கு மரத்துப்போகிற குளிர். சோறு வடிக்கிற பெரிய சட்டியில், கட்டடக்காரர் படிகளில் வழுக்காமல் தூவ வைத்திருந்த மணலை நிரப்பி, அதன்மேல் எல்லாவற்றையும் வைத்தேன். மொஸ்பெட்டை நான் பட்டறைப் பழைய பாகங்களிலிருந்து எடுத்து வந்திருந்தேன். வருடக்கணக்காக அந்த வண்டிகளில் அதே பாகத்தை மாற்றியவள் நான். அதன் அளவுகள் எழுதிய தாளை எடுத்து வாசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. பாதுகாப்புக்கென்று பொத்தானுக்குப் போகும் வயரில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்சும் வைத்திருந்தேன். பைக்குள் போடும்போது அதைத் தள்ளிவிட்டால் பொத்தான் வேலை செய்யாது.

பொத்தானை அமத்தினேன். கொயில் சிவந்தது. விட்டேன். அணைந்தது. பத்துத் தடவை அப்படி. "இனிப் பயமில்லை," என்று சொல்லியே விட்டேன். பதினோராம் தடவை கொஞ்சம் நீளமாக அமத்தினேன். மொஸ்பெட்டிலிருந்து மெல்லிய புகை வந்தது. கையை எடுத்தேன். கொயில் சிவந்தபடியே இருந்தது.

"அக்கா," என்றார் சென்னைக்காரர், "நீங்க விட்டுட்டீங்க. அது விடலையே."

தள்ளு சுவிட்சைத் தள்ளினேன். கொயில் இன்னும் சிவந்தது. இந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் தள்ளினாலும் அதற்கு ஒன்றுதான். பட்டறைக் கையுறையைப் போட்டுக்கொண்டு பற்றரிகளைப் பிடுங்கிய பிறகுதான் அணைந்தது.

நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. உள்ளே போய் அந்தத் தாளைத் தேடி வாசித்தேன். அந்த மொஸ்பெட் முழுதாகத் திறக்கப் பத்து வோல்ட் வேண்டும். எங்கள் வண்டியில் அதற்குப் பன்னிரண்டு கிடைக்கும். இந்தப் பெட்டியில் இருப்பது நாலு. நாலு வோல்ட்டுக்கு அது பாதிதான் திறந்திருக்கிறது. பாதி திறந்த வாசலில் நெரிபட்டுப் போன மின்சாரம் அதைச் சுட்டு எரித்திருக்கிறது. எரிந்தபோது அது மூடிக்கொண்டு எரியவில்லை. திறந்தபடி எரிந்தது. மொஸ்பெட் கெட்டுப்போனால் அநேகமாக அப்படித்தான் என்பது எனக்குத் தெரியாத விசயமும் அல்ல.

"எங்க வேலையில முதல் கேள்வியே இதுதான்க்கா," என்றார் அவர். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை. "இது வேலை செய்யுதான்னு அப்புறம்தான் கேப்போம். கெட்டுப்போனா எப்படிக் கெட்டுப்போகும்னு முதல்ல கேப்போம்."

"கேளுங்கோ அப்ப. ஒவ்வொண்டாக் கேளுங்கோ."

அன்று பின்னேரம் முழுக்க அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். மொஸ்பெட் திறந்தபடி செத்தால்? முழு மின்சாரத்தையும் வெட்டுகிற ஒரு சுவிட்ச் பற்றரிக்குப் பக்கத்திலேயே வேண்டும், கட்டளை வயரில் வைத்துப் பிரயோசனமில்லை. அந்தச் சுவிட்சே ஒட்டிக்கொண்டால்? பதினாறு அம்பியருக்கு மூன்று அம்பியர் சுவிட்ச் வைத்தால் ஒட்டத்தான் செய்யும், முப்பது அம்பியரைத் தாங்குகிற ஒன்றை வைக்கவேண்டும், அதுவும் பற்றரி மின்சாரத்துக்கென்று முப்பது என்று எழுதியிருக்கிற ஒன்றை. வீட்டு மின்சாரத்துக்கு எழுதிய எண்ணை நம்பக்கூடாது. வயர் ஒன்றோடொன்று உரசினால்? பியூஸ். காருக்குப் போடுகிற தட்டைப் பியூஸ், இருபது அம்பியர். அப்படியென்றால் பொத்தான் விடாமல் நின்றாலும் பியூஸ் எரிந்து காப்பாற்றும்தானே? இல்லை. பதினாறு போகும்போது இருபது பேசாமல்தான் இருக்கும். அதனால் இரண்டும் வேண்டும், ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடமுடியாது. இந்தக் கேள்வியை அவர் கேட்டிராவிட்டால் நான் பியூஸை வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

பற்றரியே சூடாகி ஆவி கக்கினால்? அதற்குப் பெட்டியின் அடியில் துளைகள். ஒரே இழுவையில் பற்றரி வெளியே வர ஒரு நாடா.

அவர் நாலு வோல்ட்டுக்குள் முழுதாகத் திறக்கும் மொஸ்பெட்டைத் தேடி எடுத்தார். இந்தத் தடவை நாங்கள் இரண்டுபேரும் தாளை வாசித்தோம். பெட்டி பெருத்தது. பழையது உள்ளங்கைக்குள் அடங்கும். புதியது கொஞ்சம் பெரிய சவர்க்காரக் கட்டி அளவு, பக்கத்தில் லொறிச் சுவிட்ச் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைச் சட்டிக்குள் வைத்து, மொஸ்பெட்டில் மின்சாரம் போகிற இரண்டு காலையும் வேண்டுமென்றே ஒரு வயரால் இணைத்து, அது திறந்தபடி செத்துப்போனது மாதிரி ஆக்கினேன். கொயில் சிவந்தது. பெரிய சுவிட்சைத் தட்டினேன். அணைந்தது. திரும்பப் போட்டேன், தட்டினேன், அணைந்தது. பிறகு கொயில் இருக்கும் இடத்தில் ஒரு தடித்த வயரை வைத்தேன். பியூஸ் ஒரு சின்னச் சத்தத்தோடு போனது. சென்னைக்காரர் கைதட்டினார். பக்கத்துப் பால்கனியில் பூனையோடு நின்ற கிழவி "Ça va?" என்று, எல்லாம் சரியோ எனக் கேட்டாள். "Oui, ça va bien," என்றேன்.

அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன, பைபிள் மாதிரிக் கிடக்கு."

"பாரமோ?"

"பாரம்தான்." அவர் பெரிய சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். தட்டுகிற சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது போல, மூன்று நாலு தடவை தட்டினார். "இது நிப்பாட்டினால் எல்லாம் நிக்குமோ? உண்மையாவோ?"

"நான் நிப்பாட்டிப் பாத்தனான்."

அவர் மேசையில் இருந்த சிகரெட் பெட்டியை எடுத்து என்னிடம் தந்தார். நான் கேட்கவில்லை.

பிறகு அந்த ஐந்து பெட்டிகள். மூன்று சென்னைக்காரரின் அலுவலகத்தில்தான் இருந்தன. திங்கட்கிழமையே வந்துவிட்டன. ஒன்று டோர்வலில் விமானம் துப்புரவாக்குகிற ஒரு பெண்ணிடம் இருந்தது. நான் விசயத்தைச் சொன்னதும் அவள் அதை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் தருவது மாதிரித் தந்தாள். ஐந்தாவது மட்டும் வரவில்லை. அது மொன்ட்ரியால்-நோரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறவரிடம் இருந்தது. எங்கள் தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடுகிறவர், அறுபது வயதிருக்கும். ரெலிபோனில் இரண்டு தடவை கேட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் நான் பஸ் ஏறினேன். கைப்பைக்குள் சோல்டரிங் அயன், பாகங்கள், உள்ளே ஒன்றும் பூட்டாத புதிய மரப்பெட்டி. சென்னைக்காரரும் வந்தார்.

பேக்கரிக்காரர் மகளின் குடும்பத்தோடு ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார். கதவைத் திறந்தபடியே சொன்னார்:

"பிள்ளை, வீணா இவ்வளவு தூரம் வந்திட்டியள். அது நல்லா வேலை செய்யுது. ஒரு குறையும் இல்லை."

"என்ர அண்ணையின்ரையும் அண்டைக்குக் காலமை நல்லா வேலை செய்தது, ஐயா."

அவர் எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். தேநீர் வந்தது. கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நான் உள்ளதைச் சொல்லுறன். நான் சிகரெட்டை விட்டு எட்டு மாசம். மகள் சொன்னவ, சிகரெட் பத்தினால் பேரப்பிள்ளையைத் தூக்க விடமாட்டன் எண்டு. நீங்கள் உதைக் கொண்டுபோனால், திருத்தித் தாற வரைக்கும் நான் என்ன செய்யிறது? தெருமுனையில டெப்பனர் கடை. நாள் முழுக்கத் திறந்திருக்கும். எனக்கு என்னைத் தெரியும்."

அவர் பிடிவாதம் பிடித்தார் என்று நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவர் பயந்திருக்கிறார்.

"கொண்டுபோகேல்லை," என்றேன். "இந்த மேசையில, உங்கட கண்ணுக்கு முன்னால மாத்தித் தாறன். நீங்கள் தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இல்லை, ஆனால் பொழுதுபடமுதல் முடியும்."

அவர் உள்ளே போய் எடுத்து வந்தார். நான் திறக்கமுதல் அவரை ஒரு பத்து விநாடி அமத்தச் சொல்லிவிட்டுப் பொத்தானின் உலோகத்தைத் தொடச் சொன்னேன். தொட்டுக் கையை இழுத்துக்கொண்டார். மூடியைக் கழற்றியபோது சென்னைக்காரர் வாயில் கையை வைத்தார். பொத்தானுக்குப் போகும் வயரின் தோல் உருகி, உள்ளே செம்பு தெரிந்தது. அதற்கும் பக்கத்து வயருக்கும் இடையில் ஒரு நகத்தின் தடிப்புத்தான் இடைவெளி. இரண்டு பற்றரியில் ஒன்று பழையது, ஒன்று புதியது. பழையதின் உறை கிழிந்திருந்தது.

"இதை எங்க வைச்சுச் சார்ஜ் போடுறனீங்கள், ஐயா?"

அவர் அறைக் கதவைப் பார்த்தார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே குழந்தைக் கட்டில் ஒன்று. குழந்தை நித்திரை.

சென்னைக்காரர் சொன்னார்: "ஐயா, இதைச் செஞ்சு குடுத்தது நான்தான். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அந்த மனிதர் எழும்பிப் போய் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார். சென்னைக்காரரின் தோளில் கையை வைத்தார். "தம்பி, நீர் தராட்டி நான் இண்டைக்கும் அந்தப் பிள்ளையைத் தூக்கேலாது. செய்யிறதைச் சரியாச் செய்யும், காணும்."

நான் சோல்டரிங் அயனைச் செருகினேன். சென்னைக்காரர் பாகங்களை எடுத்துத் தந்தார். அந்த ஐயா ரெலிபோன் வெளிச்சத்தை என் கைக்கு மேலே பிடித்துக்கொண்டு, என்ன ஏது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரெசிஸ்டரைக் கண்டு, "இவ்வளவு சின்னனோ? இதுவோ பொத்தானை நிப்பாட்டுறது?" என்றார். ஓம், இதுதான் என்றேன். புதிய சோடிப் பற்றரியைப் போட்டு மூடினேன். வேலை செய்யும்போது சோதித்தேன், கெடுத்தும் சோதித்தேன். பற்றரிகளை வெளியே எடுத்துத்தான் சார்ஜ் போடவேண்டும், அதுவும் குழந்தையின் அறையில் அல்ல, யாராவது விழித்திருக்கும்போது மட்டும் என்று மகளுக்கும் கேட்கும்படி சொன்னேன். வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது.

கோடை தொடங்கியபோது அந்தப் பேக்கரி ஐயா எனக்கு ரெலிபோன் எடுத்தார். "பிள்ளை, உங்கட பெட்டி செத்துப்போச்சு."

விசாரித்தேன். கீழே விழுந்து, கொயிலின் இரண்டு காலும் ஒன்றோடொன்று தொட்டிருக்கின்றன. அமத்தியதும் டிக் என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"அது சாகேல்லை, ஐயா," என்றேன். "அதுக்குச் சொன்ன வேலையைத்தான் செய்திருக்கு. முதல் கொயிலை மாத்துங்கோ, பேந்து பியூஸ்."

இப்போதும் சென்னைக்காரர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி செய்கிறார். மரவேலை அவருடையது, வயர் வேலை என்னுடையது. கெடுத்துப் பார்ப்பது இரண்டுபேரும் சேர்ந்து. சிகரெட் விட நினைக்கிறவர்களுக்குத்தான் கொடுப்போம். அண்ணன் திரவத்தில் நிக்கொட்டினைக் குறைத்துக் குறைத்து வருகிறார். கட்டில் தள்ளும்போது மூச்சு வாங்குவதில்லை, மாடியேறி என் வீட்டுக்கு மேல் போகும்போது மட்டும் கொஞ்சம்.

போன மாதம் பட்டறையில் ஒருவர் என் மேசைக்கு வந்தார். அண்ணனின் பெட்டியை எங்கோ கண்டிருக்கிறார். தனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் இவ்வளவு பெரிதாக வேண்டாம், அந்தப் பெரிய சுவிட்சும் பியூஸும் இல்லாமல் சட்டைப்பைக்குள் அடங்குகிற மாதிரிச் செய்துதர முடியுமா என்று கேட்டார்.

"முடியாது," என்றேன்.

"ஏன், உங்களுக்கு அப்படிச் செய்யத் தெரியாதா?"

"எனக்குத் தெரிந்தபடியால்தான் முடியாது," என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, பெரியதே பரவாயில்லை என்றார். பேப்பரை எடுத்து, என்ன கொயில் பாவிப்பார் என்று அவரிடம் முதலில் கேட்டேன்.